வாடகையா, கடனா? வாகன ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்…

(காஞ்சிபுரம் ஓரிக்கையில் ஜும்ஆ நாளன்று நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ்வுக்கே உரியன. அவனுடைய அருளும் சாந்தியும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்தம் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் என்றென்றும் உண்டாவதாக!



இன்றைய உரையில் நம் வீட்டு வாசலில் நிற்கும் வாகனத்தைப் பற்றிப் பேச விரும்புகிறேன். கார் வாங்குவதும் வாடகைக்கு எடுப்பதும் மிம்பரில் பேசத் தக்க செய்தியா என்று சிலர் எண்ணக்கூடும். அல்குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம் எது என்று எண்ணிப் பாருங்கள். இரண்டாம் அத்தியாயத்தின் 282-ஆவது வசனம் அது. கொடுக்கல் வாங்கலை எப்படி எழுதுவது, யார் எழுதுவது, யாரைச் சாட்சியாக வைப்பது, தொகை சிறிதாயினும் பெரிதாயினும் சோர்வடையாமல் எழுதிக்கொள்வது என்பனவற்றையே அவ்வசனம் விரிவாகக் கூறுகிறது. அல்லாஹ் தன் வேதத்தில் இவ்வளவு இடம் ஒதுக்கிய ஒரு செய்திக்கு நாம் ஒரு ஜும்ஆவை ஒதுக்குவது மிகையாகாது.

ஏன் இப்போது இந்தப் பேச்சு?

நம் ஓரிக்கையிலிருந்து வாலாஜாபாத் வழியாக ஒரகடம் செல்லும் சாலையை எண்ணிப் பாருங்கள். ஒரு தலைமுறைக்கு முன்பு நம் ஊரின் பிழைப்பு என்றால் பட்டும் தறியும், அவற்றைச் சார்ந்த வணிகமும்தாம். 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் கார்த் தொழிற்சாலை தொடங்கியது. 2010-இல் ஒரகடத்தில் மற்றொரு பெரிய கார்த் தொழிற்சாலை வந்தது. ஷிப்டுக்கு ஆட்களை ஏற்றி இறக்க வேன்களும் கார்களும் தேவைப்பட்டன. தறியையும் பட்டுக் கடையையும் நம்பி வாழ்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் மஞ்சள் போர்டு வண்டி எடுத்து ஓட்டத் தொடங்கினர். தொழிற்சாலைகளில் பணியாற்றும் வேறு சிலர் நிறுவனத்தின் வழியாகவே கார் லீஸ் எடுக்கின்றனர். மாதச் சந்தா கட்டிக் கார் எடுக்கும் முறையும் இப்போது வந்துவிட்டது. உழைத்து உண்ண விரும்புபவனுக்கு வாகனம் ஒரு கருவி. அதை நான் குறை கூறவில்லை.

ஆயினும் அந்தக் கருவி எந்த ஒப்பந்தத்தின் மூலம் நம் கைக்கு வருகிறது என்பதை நம்மில் எத்தனை பேர் படித்துப் பார்க்கிறோம்? நான் படித்துப் பார்க்கவில்லை, சகோதரர்களே! ஆகவே, பிறருக்கு உபதேசம் செய்யுமுன் என் தவற்றை உங்கள் முன் ஒப்புக்கொள்கிறேன்.

நான் இட்ட கையெழுத்து

2018-ஆம் ஆண்டு நம் ஜமாஅத்தைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் என்னிடம் வந்தார். அவருடைய தந்தை பட்டுக் கடை ஒன்றில் பல்லாண்டுகள் வேலை பார்த்தவர். கம்பெனி ஷிப்டுக்கு ஓட்டுவதற்காகக் கார் எடுக்கப் போவதாகவும், முன்பணமாக ஒன்றரை லட்சம் ரூபாய் சேர்த்து வைத்திருப்பதாகவும், மீதி ஆறு லட்சத்துக்கு ஒரு பைனான்ஸ் நிறுவனத்தில் ஏற்பாடு செய்திருப்பதாகவும் கூறினார். ஜாமீன் கையெழுத்து ஒன்று வேண்டும் என்றார்.

"வட்டியா, தம்பி?" என்று கேட்டேன். "இல்லை, ஹஜ்ரத்! வண்டி அவர்களுடையது. நாம் மாதாமாதம் வாடகை கட்டுகிறோம். 60 மாதம் முடிந்தால் வண்டியை நம் பெயருக்கு மாற்றித் தருவார்கள். தாளில்கூட வாடகைக் கட்டணம் என்றுதான் போட்டிருக்கிறது" என்றார். உண்மையிலேயே அந்தத் தாளில் அப்படித்தான் இருந்தது. ஆங்கிலத்தில் பல பக்கங்கள். சில பக்கங்கள் நிரப்பப்படாமல் வெறுமையாக இருந்தன. வாடகை ஒப்பந்தம் மார்க்கத்தில் ஆகுமானது என்று நான் ஓதியிருக்கிறேன் அல்லவா? அந்த ஒரு சொல்லில் மனம் அமைதியடைந்து, காட்டிய இடமெல்லாம் கையெழுத்திட்டேன்.

மாதம் 14,500 ரூபாய் தவணை. அந்த இளைஞர் 21 தவணைகளை ஒரு நாள் தவறாமல் கட்டினார். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. தொழிற்சாலைகள் மூடப்பட்டன, வண்டி வாசலில் நின்றது. அரசின் ரிசர்வ் வங்கி அறிவித்தபடி ஆகஸ்ட் வரை தவணைகளைத் தள்ளிவைத்தார்கள். ஆனால் அந்த மாதங்களுக்கான கட்டணம் நிற்கவில்லை. அது ஏறிக்கொண்டே இருந்தது. பிறகு அவர் தாயாரின் நகையை விற்று மேலும் ஐந்து தவணைகள் கட்டினார். அதற்கு மேல் இயலவில்லை. 2021-இன் தொடக்கத்தில் ஒரு நாள் விடியற்காலையில் வண்டியைச் சீஸ் செய்து கொண்டு போனார்கள். "வண்டி எங்களுடையது, எடுத்துப் போகிறோம்" என்றார்கள்.

எங்கள் துயரம் அத்தோடு முடிந்தது என்று எண்ணினோம். சில மாதங்களில் எனக்கொரு நோட்டீசு வந்தது. வண்டி 3,10,000 ரூபாய்க்கு ஏலம் போயிற்றென்றும், இன்னும் 1,40,000 ரூபாய் பாக்கி நிற்கிறதென்றும், கடன் பெற்றவரும் ஜாமீன்தாரரும் அதைச் செலுத்த வேண்டுமென்றும் அதில் கண்டிருந்தது.

இங்கேதான், சகோதரர்களே, நான் விழித்துக்கொண்டேன். வண்டியைத் தூக்கிச் செல்லும்போது அது அவர்களுடைய பொருள். நாம் வெறும் வாடகைதாரர். ஏலத்தில் நட்டம் வந்தபோதோ நாம் கடனாளி. அவர்கள் கடன் கொடுத்தவர்கள்! வாடகை வீட்டை உரிமையாளர் திரும்பப் பெற்று விற்றுவிட்டு, விலை குறைந்துவிட்டது, மிச்சத்தைத் தா என்று குடியிருந்தவரிடம் கேட்க முடியுமா? ஐந்து ஆண்டுகளும் காப்பீடு அவர் கட்ட வேண்டும். சாலை வரி அவர் கட்ட வேண்டும். எஞ்சின் பழுதானால் அவர் பார்க்க வேண்டும். விபத்தில் வண்டி அழிந்தாலும் தவணை நிற்காது. அப்படியானால் அது வாடகையே அன்று. வாடகை என்ற போர்வை போர்த்திய வட்டிக் கடன் அது. அதற்குத்தான் நான் ஜாமீன் நின்றிருக்கிறேன். வட்டியை உண்பவரோடு நிறுத்தாமல், அதை எழுதுபவரையும் அதற்குச் சாட்சி நிற்பவர்களையும் சேர்த்தே நபி (ஸல்) அவர்கள் சபித்தார்கள் என்ற ஹதீஸை எத்தனை முறை இதே மிம்பரில் ஓதியிருக்கிறேன்! அல்லாஹ் என்னை மன்னிப்பானாக.

அந்தப் பாக்கியை நானும் அவர் குடும்பத்தாருமாகச் சிறுகச் சிறுகக் கட்டி முடிக்க 2023 ஆயிற்று. முன்பணமும் தவணைகளுமாக 5,27,000 ரூபாய் கட்டிய அந்த இளைஞரின் கையில் இறுதியில் ஒரு சாவிகூட இல்லை.

ஒன்பது விழுக்காட்டின் உள்ளே

அந்த ஒப்பந்தத்தில் நூற்றுக்கு ஒன்பது என்று சொல்லியிருந்தார்கள். கணக்கைப் பாருங்கள். ஆறு லட்சத்துக்கு ஆண்டுக்கு ஒன்பது வீதம் 54,000. ஐந்து ஆண்டுகளுக்கு 2,70,000. ஆக மொத்தம் 8,70,000. அதை 60-ஆல் வகுத்தால் 14,500. கணக்குச் சரியாகத்தானே இருக்கிறது என்று தோன்றும்.

ஆனால் நாம் மாதாமாதம் அசலையும் திருப்பிக் கட்டிக்கொண்டு வருகிறோம். ஐந்தாம் ஆண்டில் நம்மிடம் எஞ்சியிருக்கும் அசல் மிகச் சிறியது. அப்போதும் முழு ஆறு லட்சத்துக்கும் கட்டணம் வாங்குகிறார்கள். இதைத்தான் பைனான்ஸ்காரர்கள் பிளாட் ரேட் என்கிறார்கள். குறைந்துவரும் அசலுக்கு மட்டும் கணக்கிட்டுப் பார்த்தால் இது ஆண்டுக்கு ஏறத்தாழ 16 விழுக்காடு ஆகிறது. உண்மையிலேயே ஒன்பது விழுக்காடாக இருந்திருந்தால் ஐந்து ஆண்டுகளில் கூடுதலாகக் கட்டுவது சுமார் 1,47,000 ரூபாயாகத்தான் இருக்கும்.

வட்டி ஒன்பதாயினும் பதினாறாயினும் நமக்கு ஹராம்தான், அதில் ஐயமில்லை. நான் இந்தக் கணக்கைச் சொல்வது, பாவத்தோடு ஏமாற்றமும் சேர்ந்து வந்ததை நீங்கள் அறிந்துகொள்வதற்காகவே. "மாதம் எவ்வளவு?" என்று மட்டும் கேட்பவனிடம் எந்தத் தொகையையும் சிறிதாகக் காட்டிவிடலாம். தவணையின் எண்ணிக்கையைக் கூட்டினால் போதும்.

நம் தறிக்காரர்களைப் பாருங்கள். எத்தனை முழம், கரை எவ்வளவு அகலம், முந்தியில் எவ்வளவு வேலை, ஜரிகை எது, கூலி எவ்வளவு என்று பேசி முடிக்காமல் எவரேனும் பாவு ஏற்றுவாரா? ஒரு சேலைக்குக் காட்டும் அந்த எச்சரிக்கையை, ஐந்து ஆண்டு உழைப்பை விழுங்கும் ஒப்பந்தத்துக்குக் காட்ட நாம் ஏன் மறந்துவிடுகிறோம்?

அண்ணலார் காட்டிய வாகன ஒப்பந்தங்கள்

நபி (ஸல்) அவர்களின் வாழ்வில் வாகன வாடகைக்கும் வாகன விற்பனைக்கும் தெளிவான முன்மாதிரிகள் உள்ளன.

ஹிஜ்ரத் பயணத்தை நினைவுகூருங்கள். உயிருக்கே ஆபத்தான அந்த வேளையில், நபியவர்களும் அபூபக்ர் (ரலி) அவர்களும் பாலைவழி அறிந்த ஒருவரைக் கூலிக்கு அமர்த்தினார்கள். அவர் முஸ்லிம்கூட அல்லர். இரண்டு ஒட்டகங்களையும் அவரிடம் ஒப்படைத்து, மூன்று இரவுகள் கழித்துத் தவ்ர் குகைக்குக் கொண்டுவர வேண்டும் என்று பேசி முடித்தார்கள். என்ன வேலை, எந்த இடம், எத்தனை நாள் என்பவை முன்னரே தீர்மானமாகியிருந்தன. அவரும் சொன்ன நாளில் சொன்ன இடத்துக்கு வந்தார். ஸஹீஹுல் புகாரியில் வாடகை, கூலி பற்றிய பாடத்திலேயே இந்நிகழ்ச்சி இடம்பெற்றுள்ளது.

அடுத்து, ஜாபிர் (ரலி) அவர்களின் ஒட்டகம். பயணத்தின் நடுவே நபியவர்கள் அவருடைய களைத்த ஒட்டகத்தை விலை பேசினார்கள். ஜாபிர் தயங்கினார், மீண்டும் கேட்டார்கள், விலை முடிவாயிற்று. ஒட்டகத்தை விற்றாலும் மதீனா சேரும்வரை அதன்மேல் ஏறிச் செல்லத் தமக்கு உரிமை வேண்டும் என்று ஜாபிர் நிபந்தனையிட்டார். உலகத்தின் தலைவர் அந்த நிபந்தனையை ஏற்றுக்கொண்டார்கள். மதீனா சேர்ந்ததும் பேசிய விலையைக் கொடுத்ததோடு, ஒட்டகத்தையும் அவருக்கே திருப்பியளித்தார்கள்.

பேரம் பேசுவது இழிவன்று என்பதும், நிபந்தனையை வெட்கப்படாமல் வெளிப்படையாகச் சொல்லலாம் என்பதும் இதிலிருந்து விளங்குகின்றன. பெரிய கண்ணாடிக் கட்டடத்துக்குள் சென்றவுடன் வாய் அடைத்துப் போகும் நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுங்கள்.

உண்மையான வாடகை எது?

மார்க்கச் சட்டத்தில் வாடகைக்கு இஜாரா என்று பெயர். பொருள் ஒருவருடையது, அதன் பயனை மற்றவர் குறித்த காலத்துக்குக் குறித்த தொகைக்குப் பெறுகிறார். பொருளின் ஆதாயம் எவருக்கோ, அதன் இழப்பும் அவருக்கே என்பது நபிமொழியிலிருந்து பெறப்பட்ட அடிப்படை விதி.

இதை விளங்கிக்கொள்ள வெகுதூரம் போக வேண்டாம். நம் தெருவிலேயே நாள் வாடகைக்கு ஆட்டோ ஓட்டும் சகோதரர்கள் உள்ளனர். காலையில் வண்டியை எடுத்து, இரவில் பேசிய வாடகையை உரிமையாளரிடம் தருகின்றனர். பெட்ரோல் ஓட்டுநருடையது, அன்றைய வருமானமும் அவருடையது. காப்பீடு, எஃப்.சி., எஞ்சின் வேலை ஆகியன உரிமையாளருடையவை. வண்டி பழுதாகி ஒர்க் ஷாப்பில் நின்றால் அன்றைக்கு வாடகை இல்லை. அரபுச் சொல் எதுவும் அறியாமலே அவர்கள் சரியான இஜாராவை நடத்திக்கொண்டிருக்கின்றனர்.

தவணை முடிவில் பொருளும் நமக்கே சொந்தமாகும் முறையைப் பற்றி, உலக இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாதமி 2000 செப்டம்பரில் ரியாதில் கூடிய தனது 12-ஆவது அமர்வில் ஆராய்ந்தது. ஒரே காலத்தில் ஒரே பொருளின் மீது வாடகையையும் விற்பனையையும் ஒன்றாகப் பிணைக்கும் ஒப்பந்தம் கூடாது என்று அது முடிவு செய்தது. வாடகை தனி ஒப்பந்தமாக, உண்மையான வாடகையாக இருக்க வேண்டும். பொருளின் இழப்புப் பொறுப்பு உரிமையாளரைச் சார வேண்டும். காப்பீடு செய்தால் அதன் செலவும் அவருடையதாக வேண்டும். அன்றாடப் பராமரிப்பு அல்லாத செலவுகளையும் அவரே ஏற்க வேண்டும். காலம் முடிந்தபின் வேறோர் ஒப்பந்தத்தின் மூலம் விற்கவோ அன்பளிப்பாக வழங்கவோ செய்யலாம். நான் கையெழுத்திட்ட தாளை இந்த அளவுகோலில் வைத்துப் பார்த்தால், அதில் ஒன்றுகூடத் தேறவில்லை.

கம்பெனி லீஸ் எடுப்போர் கவனத்துக்கு

தொழிற்சாலை ஊழியர்கள் எடுக்கும் லீசும் மாதச் சந்தா முறையும் ஓரளவு இஜாராவை ஒத்தவை. வண்டி கொடுத்தவருடையது; பலவற்றில் காப்பீடும் பராமரிப்பும் அவர் பொறுப்பு; காலம் முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிடலாம். ஆயினும் பெயரை நம்பாமல் ஒவ்வொன்றையும் விசாரிக்க வேண்டும்.

வாடகை எப்படி வருகிறது என்பதை அறிந்துகொள்ளுங்கள். எட்டு லட்சம் ரூபாய்க் கார் மூன்று ஆண்டுகளில் ஐந்து லட்சம் மதிப்புடையதாகும் என்று அவர்கள் கணக்கிட்டால், தேயும் மூன்று லட்சத்தை 36 மாதங்களுக்குப் பகிர்வார்கள். அதுவே மாதம் 8,333 ரூபாய். அதன்மேல் அவர்களுடைய ஆதாயம், காப்பீடு, பராமரிப்பு, ஜி.எஸ்.டி. ஆகியன சேரும். ஆகவே, காரின் விலையை அவர்கள் எவ்வளவு என்று வைத்திருக்கிறார்கள் என்பதை முதலில் கேளுங்கள். ஷோரூமில் கிடைக்கும் தள்ளுபடியைக் கழித்தார்களா என்று கேளுங்கள். அந்த விலை குறைந்தால் வாடகையும் குறையும். பேரம் பேச வேண்டிய இடம் அதுதான்.

மேலும், ஆண்டுக்கு இத்தனை கிலோமீட்டர் என்ற வரம்பு இருக்கும். மீறினால் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று வசூலிப்பார்கள். ஓரிக்கையிலிருந்து ஒரகடத்துக்கு நாள்தோறும் போய்வருபவர், ஊர்ப் பயணங்களையும் சேர்த்துத் தம் ஓட்டத்தைக் கணக்கிட்டுக்கொண்ட பிறகே வரம்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வண்டியைப் பெறும் நாளிலும் திருப்பித் தரும் நாளிலும் எல்லாப் பக்கங்களையும் படம் எடுத்து வையுங்கள். கீறலுக்கும் நசுங்கலுக்கும் பணம் பிடிக்கும்போது அதுவே உங்கள் சாட்சி. வேலை மாறினால் லீஸ் என்னவாகும், இடையில் முடித்தால் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதையும் முதல் நாளே கேட்டு விடுங்கள்.

சட்டம் நமக்குத் தந்திருப்பவை

தவணை முறைக் கொள்முதலுக்கென 1972-இல் நம் நாட்டில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அது நடைமுறைக்கு வராமலே கிடந்து 2005-இல் நீக்கப்பட்டது. ஆகவே பெரும்பாலும் நாம் கையெழுத்திடும் ஒப்பந்தமே நம்மைக் கட்டுப்படுத்துகிறது. இருப்பினும் சில பாதுகாப்புகள் உள்ளன.

கடன் ஒப்பந்தமும் நிபந்தனைகளும் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் தரப்பட வேண்டும், ஒப்பந்த நகல் அவர் கையில் கொடுக்கப்பட வேண்டும் என்று பைனான்ஸ் நிறுவனங்களுக்கான ரிசர்வ் வங்கியின் நெறிமுறை கூறுகிறது. வண்டியை எடுக்குமுன் தர வேண்டிய அவகாசமும், விற்குமுன் தர வேண்டிய கடைசி வாய்ப்பும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். 2024 அக்டோபர் 1 முதல், வங்கிகளும் பைனான்ஸ் நிறுவனங்களும் சில்லறைக் கடன்களுக்கு எல்லாக் கட்டணங்களையும் உள்ளடக்கிய உண்மையான ஆண்டு வீதத்தைக் காட்டும் விவரத்தாளைக் கையெழுத்துக்கு முன்பே தர வேண்டும். பிளாட் ரேட்டின் மாயம் அந்தத் தாளில் வெளிப்பட்டுவிடும்.

அடியாட்களைக் கொண்டு வண்டியைப் பறிப்பதை 2007-இலேயே உச்ச நீதிமன்றம் வன்மையாகக் கண்டித்தது. வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் தொலைபேசியில் அழைக்கக் கூடாது என்று 2022 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி ஆணையிட்டது. முறையீட்டுக்கு ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். நுகர்வோர் மன்றம் இருக்கிறது.

தவணை முடித்தவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம். நிறுவனத்திடம் தடையின்மைச் சான்றும் 35-ஆம் எண் படிவமும் பெற்று, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஆர்.சி.யில் உள்ள நிறுவனத்தின் பெயரை நீக்குங்கள். நீக்காமல் விட்டால் பணம் முழுதும் கட்டிய வண்டியை விற்கும்போது அலைய நேரிடும்.

கையெழுத்துக்கு முன் ஆறு கேள்விகள்

குடும்பத் தலைவர்களே! இளைஞர்களே! இந்த ஆறு கேள்விகளையும் நினைவில் வையுங்கள்.

1. முன்பணம், தவணைகள், கட்டணங்கள் யாவும் சேர்த்து மொத்தம் எத்தனை ரூபாய்?

2. தவணைக் காலத்தில் வண்டி யாருடையது? காப்பீடும் பெரிய பழுதும் யார் பொறுப்பு?

3. விபத்தில் வண்டி அழிந்தால் எஞ்சிய தவணை நிற்குமா, தொடருமா?

4. தாமதமானால் என்ன அபராதம்? அது கொடுத்தவரின் வருமானமாகிறதா?

5. இடையில் திருப்பித் தந்தால் கணக்கு முடிந்துவிடுமா, பாக்கி நிற்குமா?

6. முன்வைப்புத் தொகை எப்போது, எவ்வளவு கழிவோடு திரும்பும்?

இவற்றுக்கு விடை வாய்மொழியாக வந்தால் போதாது. தாளில் இருக்க வேண்டும். வெற்றுத் தாளில் ஒருபோதும் கையெழுத்திடாதீர்கள். ஆங்கிலம் தெரியாவிட்டால், இன்று கல்லூரியில் படிக்கும் நம் பெண்மக்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அந்த 2018-ஆம் ஆண்டுத் தாளை என் மகளிடம் ஓர் இரவு கொடுத்திருந்தால், என் கையெழுத்து அதில் விழுந்திருக்காது.

வழி என்ன?

"வட்டியும் கூடாது, போலி வாடகையும் கூடாது என்றால் நாங்கள் எப்படித்தான் வண்டி எடுப்பது?" என்று நீங்கள் கேட்பது நியாயமே.

நம் நாட்டில் வட்டியற்ற வங்கி முறையை அனுமதிக்கலாம் என்று ரகுராம் ராஜன் தலைமையிலான குழு 2008-இல் பரிந்துரைத்தது. அதைத் தொடர்வதில்லை என்று ரிசர்வ் வங்கி முடிவு செய்திருப்பது 2017-இல் தெரியவந்தது. இலங்கையில் 2011-இல் அமானா வங்கி வட்டியற்ற வணிக வங்கியாகச் செயல்படத் தொடங்கியது. மலேசியாவில் 1983 முதலே இஸ்லாமிய வங்கி உள்ளது. நமக்கு அந்த வசதி இல்லை. ஆயினும் வழிகள் அடைபட்டுவிடவில்லை.

முதல் வழி, அவசரத்தைக் குறைப்பது. ஓராண்டு நாள் வாடகைக்கு ஓட்டிச் சேமித்து, நல்ல பழைய வண்டியை ரொக்கத்துக்கு வாங்கலாம். இரண்டாவது, பொருளை வாங்கிக் கூடுதல் விலைக்குத் தவணையில் விற்பது. வசதியுள்ள ஒருவர் காரைத் தாமே வாங்கி, ஏழு லட்சம் என்று ஒரே விலையாக முடிவு செய்து விற்கலாம். அந்த விலை பிறகு ஒரு ரூபாயும் ஏறக் கூடாது. மூன்றாவது, கூட்டு உரிமை. இருவர் பணம் போட்டு வண்டி வாங்கி, ஒருவர் ஓட்டி, வருமானத்தைப் பேசிய விகிதத்தில் பங்கிட்டு, மற்றவரின் பங்கைச் சிறுகச் சிறுக வாங்கிக்கொள்ளலாம். நான்காவது, அழகிய கடன். நம் ஜமாஅத்தின் பைத்துல்மாலில் இதற்கென ஒரு நிதியைத் தொடங்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். பத்துக் குடும்பங்கள் முன்வந்தால் ஆண்டுக்கு ஓர் இளைஞரின் முன்பணமேனும் தேறும்.

ஹலால் என்று பலகை மாட்டியவர்களை எல்லாம் நம்பிவிடவும் வேண்டாம். 2019-இல் பெங்களூருவில் ஹலால் முதலீடு என்ற பெயரில் பல்லாயிரம் முஸ்லிம் குடும்பங்களின் பணம் பறிபோனதை நாம் அறிவோம். தாடியையும் தொப்பியையும் பார்த்துக் கையெழுத்திடுவதும், நான் ஒரு சொல்லைப் பார்த்துக் கையெழுத்திட்டதும் ஒரே தவறுதான்.

நம் கடமையும் உண்டு

ஒப்பந்தம் இருபுறமும் கட்டுப்படுத்தும். ஐந்தாம் அத்தியாயத்தின் முதல் வசனமே ஒப்பந்தங்களை நிறைவேற்றுமாறு கட்டளையிடுகிறது. சரியான வாடகை ஒப்பந்தத்தில் வண்டி எடுத்தவர், அதைத் தம் பொருளைப் போல் பேணட்டும். தவணை தவறியதும் வண்டியை உறவினர் வீட்டில் மறைத்து வைப்பதும், நல்ல டயரைக் கழற்றிவிட்டுத் தேய்ந்த டயரை மாட்டித் திருப்பித் தருவதும் அமானித மோசடியாகும். பழைய வண்டி விற்கும் சகோதரர்கள் ஓடிய கிலோமீட்டரைத் திருப்பி வைப்பதும் அப்படியே. நனைந்த தானியத்தைக் குவியலின் அடியில் மறைத்து வைத்திருந்த வணிகரை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த நிகழ்ச்சி நமக்குப் போதிய எச்சரிக்கை. வண்டிகளை வாடகைக்கு விடும் செல்வந்தர்களே! ஓட்டுநர் நோயுற்றுப் படுத்தால் அவகாசம் கொடுங்கள். சிரமத்தில் உள்ள கடனாளிக்கு வசதி வரும்வரை அவகாசம் தர வேண்டும் என்பது இரண்டாம் அத்தியாயத்தின் 280-ஆவது வசனம் தரும் பாடம்.

ஜாமீன் நிற்பதைப் பற்றியும் ஒரு சொல். கடன்பட்டு இறந்த ஒருவரின் ஜனாஸாவுக்குத் தொழவைக்க நபி (ஸல்) அவர்கள் முன்வரவில்லை. அபூகதாதா (ரலி) அவர்கள் அக்கடனுக்குத் தாம் பொறுப்பேற்றதும் தொழவைத்தார்கள். ஜாமீன் என்பது அவ்வளவு கனமான சொல். நட்புக்காகவும் முகத்தாட்சண்யத்துக்காகவும் அதை வழங்காதீர்கள். படித்து, விளங்கி, இழப்பு வந்தால் கொடுக்க முடியும் என்று உறுதி செய்த பிறகே கையெழுத்திடுங்கள்.

அந்த இளைஞர் இன்று நாள் வாடகைக்கு ஆட்டோ ஓட்டுகிறார். அல்ஹம்துலில்லாஹ், கடன் இல்லை. சென்ற மாதம் என்னிடம் வந்து, "ஹஜ்ரத், பழைய வண்டி ஒன்று தவணைக்குப் பேசியிருக்கிறேன். தாளை வாங்கி வந்திருக்கிறேன். நீங்கள் கையெழுத்திட வேண்டாம், என்னோடு உட்கார்ந்து படித்துப் பாருங்கள், போதும்" என்றார். இருவரும் அஸருக்குப் பின் உட்கார்ந்து கடைசிப் பக்கம்வரை படித்தோம். இரண்டு நிபந்தனைகள் எங்களுக்கு விளங்கவில்லை. அவற்றைத் தமிழில் எழுதித் தரும்படி விற்பவரிடம் கேட்டிருக்கிறோம். எழுதித் தரும்வரை கையெழுத்தில்லை.

வல்ல அல்லாஹ் நம் உழைப்பில் பரக்கத்தைத் தருவானாக! வட்டியின் தீமையிலிருந்தும், வட்டிக்குப் போர்த்தப்படும் போர்வைகளிலிருந்தும் நம்மையும் நம் பிள்ளைகளையும் காப்பானாக! கடன் சுமையால் உறக்கம் இழந்து தவிக்கும் குடும்பங்களுக்கு விடிவைத் தருவானாக! நாம் இடும் ஒவ்வொரு கையெழுத்தும் மறுமையில் நமக்கு எதிராகச் சாட்சி சொல்லாதிருக்க அருள்புரிவானாக! ஆமீன், யாரப்பல் ஆலமீன்.